‘காலேஜ் திறந்தாச்சு, வர்றீங்களா?’

2021 ஜூலை, கலிபோர்னியா. கொரோனாவால் ஆன்லைனுக்குப் போன எங்கள் கம்யூனிட்டி காலேஜ் மறுபடி திறக்கப் போகிறது. சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில் லேப்டாப், காதில் ஹெட்செட், பக்கத்தில் ஆறிப்போன காபி. திரையில் ஒரு எக்செல் பட்டியல். ஜனவரியில் தொடங்கும் ஸ்ப்ரிங் செமஸ்டரில் படித்துவிட்டு, ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டருக்கு இன்னும் பதிவு செய்யாமல் இருக்கிறவர்களின் போன் நம்பர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “காலேஜ் திறக்குது, திரும்பி வர்றீங்களா?” என்று கேட்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். நானும் அதே காலேஜில் படிக்கிறவள்தான். ஒர்க் பர்மிட் கையில் இருந்ததால் மாணவர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பட்டியலில் ‘விருப்பம்’ என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் மூன்று பதில்கள் விரியும்: நேரில், ஆன்லைன், இன்னும் முடிவு செய்யவில்லை. அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த ஆளுக்குப் போக விடும். பக்கத்தில் ‘குறிப்பு’ என்று இன்னொரு கட்டம், எழுதினால் எழுதலாம், விட்டால் விடலாம். முதல் நாள் சாயந்திரத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது, ஆட்கள் சொல்கிற எதுவும் அந்த மூன்றுக்குள் அடங்காது என்று. எல்லாம் குறிப்பில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குறிப்புகளில் இருந்துதான் இதை எழுதுகிறேன். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது: நம்ம பாலிடெக்னிக், மாலை நேரக் கல்லூரி, தொலைதூரக் கல்வி மூன்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. நுழைவுத் தேர்வு கிடையாது. வயசு வரம்பு கிடையாது. கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. இரண்டு வருஷம் இங்கே படித்துவிட்டுப் பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறிப் போகிறவர்கள் உண்டு. நர்சிங், கார் மெக்கானிக், வெல்டிங் என்று நேராக வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்ள வருகிற தாத்தாக்களும் உண்டு. பாடத்தின் அளவை யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஐந்து யூனிட் அக்கவுண்டிங் வகுப்பு என்றால் 230 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள்.

இங்கே ஒரு விஷயம், நம்ம பெண்கள் பலருக்குத் தெரியாதது. வேலை விசாவில் வந்தவர்களின் துணைக்குக் கொடுக்கும் எச்4 விசாவில் இருந்தாலும் கலிபோர்னியாவில் ஒரு வருஷத்துக்கு மேல் வசித்து, அதற்கான தாள்களைக் காட்டினால் மாநிலவாசிக் கட்டணம்தான். படிக்க வருகிறவர்களுக்கான எஃப்1 விசாவுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘விசான்னா வெளிநாட்டுக் கட்டணம்தானே’ என்று தானாகவே முடிவு செய்து நான் மூன்று வருஷத்தை வீணாக்கினேன். வெளிநாட்டுக் கட்டணம் யூனிட்டுக்குச் சில நூறு டாலர். அதைப் பார்த்துவிட்டு யார்தான் உள்ளே போவார்கள்?

நான் கோவில்பட்டியில் பி.காம். முடித்தவள். கல்யாணம், சான் ஹோசே, இரண்டு குழந்தைகள். 2020 ஜனவரியில், முப்பத்தேழு வயதில், ஒரு அக்கவுண்டிங் வகுப்பிலும் ஒரு இங்கிலீஷ் வகுப்பிலும் சேர்ந்தேன். மறுபடி முதுகில் பை மாட்டிக்கொண்டு நடந்தபோது வந்த கூச்சம் இரண்டு நாள்தான் இருந்தது. அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் வலது பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன், இடது பக்கத்தில் ஐம்பது தாண்டிய ஒரு டிரைவர். ஆறு வாரம் அப்படிப் போனது. மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோவும் சான் ஹோசேயும் சேர்ந்த பே ஏரியாவில் ஆறு கவுன்டிகள் (நம்ம மாவட்டம் மாதிரி) சேர்ந்து ‘வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்’ என்று உத்தரவு போட்டன. மூன்று நாள் கழித்து மாநிலம் முழுக்க. காலேஜில் இருந்து வந்த மெயில் ‘கொஞ்ச நாளைக்கு ஆன்லைன்’ என்றுதான் சொன்னது.

அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 9. காட்டுத்தீப் புகை மேலே ஏறி, பே ஏரியா வானம் முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார முடிந்தது. மேஜையின் ஒரு பக்கம் மகளுக்கு மூன்றாம் வகுப்பு ஸூம், இன்னொரு பக்கம் மகனுக்குக் கிண்டர்கார்டன் ஸூம், நடுவில் எனக்குப் புள்ளியியல். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். மகன் திரும்பித் திரும்பி ‘அம்மா, இன்னைக்கு ராத்திரியே விடியலையா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். ப்ரொஃபசர் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கை மூடிவிட்டு அழுதேன். அக்டோபரில் அந்த வகுப்பை விட்டேன்.

விட்டேன் என்பதைவிட எப்படி விட்டேன் என்பதுதான் பயன்படும் செய்தி. சும்மா வகுப்பை டிராப் செய்தால் மார்க் பட்டியலில் ‘டபிள்யூ’ விழும். அப்படி விழுவது ஒரு முயற்சியாகக் கணக்காகும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வரம்பு இருக்கிறது, யூனிட்டுகளைப் பாதியில் விட்டுக்கொண்டே போனால் ‘ப்ரொபேஷன்’ என்கிற எச்சரிக்கையும் வரும். உடம்பு சரியில்லை, வேலை போச்சு, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்று நம் கையை மீறிய காரணம் இருந்தால் ‘எக்ஸ்க்யூஸ்ட் வித்ட்ராயல்’ என்று தனியாக ஒன்று கேட்கலாம். அது முயற்சிக் கணக்கில் சேராது. கொரோனா காலத்தில் அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். எனக்கு இதைச் சொன்னது ஒரு கவுன்சிலர், அதுவும் வேறு எதற்கோ பேசப் போன இடத்தில் தற்செயலாக. நான் போனில் கூப்பிட்ட ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ‘நான் ஃபெயில் ஆயிட்டேன், என்னைத் திரும்பச் சேர்க்க மாட்டாங்க’ என்று ஒரு பையன் சொன்னான். அவன் ஃபெயில் ஆகவில்லை. ஏப்ரலில் அவன் வீட்டில் நான்கு பேருக்குக் கொரோனா வந்திருக்கிறது, இவன் காணாமல் போயிருக்கிறான், அவ்வளவுதான். விண்ணப்பம் இருக்கும் பக்கத்தை மெசேஜில் அனுப்பிவிட்டு, கட்டத்தில் ‘முடிவு செய்யவில்லை’ என்று போட்டேன். வேறு என்ன போடுவது?

சரி, போனுக்கு வருகிறேன்.

முதல் வாரத்தில் பேசியவர்களில் ஒருவன் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன். ஷிப்ட் முடிவது காலை ஆறு மணி. ‘ஆன்லைன்தான் எனக்கு உயிர், நேரம் குறிக்காத ஆன்லைனா இருந்தா இன்னும் நல்லது’ என்றான். கட்டத்தில் ‘ஆன்லைன்’ என்று அழுத்தப் போனேன். அதற்குள், ‘லைப்ரரி திறக்குமா? எத்தனை மணி வரைக்கும்?’ என்று கேட்டான். அவன் அறையில் இரண்டு தம்பிகள். வகுப்பு வேண்டாம், உட்கார்ந்து படிக்க ஒரு மேஜை வேண்டும். லைப்ரரி மூடிக் கிடந்த நாட்களில் காலேஜ் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, அங்கிருந்த வைஃபையில் வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறான். அப்படிச் செய்தவன் அவன் ஒருவன் இல்லை, எங்கள் காலேஜில் பார்க்கிங்குக்காகவே வைஃபையை நீட்டியிருந்தார்கள்.

இதே மாதிரி பதில் திரும்பத் திரும்ப வந்தது. காலேஜ் திறந்திருக்க வேண்டும், ஆனால் என் வகுப்பு அங்கே இருக்க வேண்டாம். கேட்டால் முரண்பாடு மாதிரி இருக்கிறது. பஸ்ஸைக் கண்டக்டர் நிறுத்தி வைத்திருக்க வேண்டும், ஆனால் நான் ஏறுவேனா என்று கேட்கக் கூடாது என்பது போல. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவனிடம் பேசினால் அதில் முரண்பாடே இல்லை என்று தெரியும்.

இன்னொருத்தி, ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. பன்னிரண்டு வயதுக்குக் கீழே அப்போது தடுப்பூசி கிடையாது, ஐந்து வயதுக்கு மேலே என்று திறந்துவிட்டது நவம்பர் மாசம்தான். ‘நான் போட்டுட்டேன், ஆனா நான் வீட்டுக்குக் கொண்டு போறதை யார் தடுக்கிறது?’ என்றாள். எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதில் ஒருவன் இருந்தான். போனில் இருவரும் கொஞ்ச நேரம் காலேஜை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அழைப்புக்கு ஐந்து நிமிஷம்தான் என்று மேற்பார்வை பார்த்த அம்மா சொல்லியிருந்தார். இது இருபத்திரண்டு நிமிஷம்.

இன்னொருவர் சொன்னது நோயே இல்லை, ரயில். மே 26 அன்று சான் ஹோசேயில் லைட் ரயில் பணிமனையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒன்பது ஊழியர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் லைட் ரயிலே ஓடவில்லை. கார் இல்லாதவர்களுக்குப் பஸ் மாறி மாறி வர ஒன்றரை மணி நேரம். ‘நேரில் வர விருப்பமான்னு கேக்கறீங்க. விருப்பம்தான். ரயில் எப்போ ஓடும்னு சொல்லுங்க’ என்றார். எனக்குக் கொடுத்திருந்த பேச்சுத்தாளில் ரயிலுக்குப் பதில் இல்லை.

நர்சிங் படிக்கும் ஒரு பெண் சிரித்துவிட்டாள். ‘திரும்பி வர்றதா? நான் எங்கே போனேன்?’ ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்பதால் அவர்களுடைய லேப் வகுப்புகள் 2020லேயே சின்னச் சின்னக் குழுவாக ஆரம்பித்துவிட்டன. காலேஜே காலியாகக் கிடந்தபோது முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகியிருக்கிறார்கள். அவள் பெயர் எப்படி என் பட்டியலில் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

அவளுக்கு நேர் எதிராக, பன்னிரண்டாம் வகுப்பையே ஸூமில் முடித்துவிட்டு, ஸ்ப்ரிங்கில் ஸூமிலேயே காலேஜ் சேர்ந்த ஒரு பெண். வயது பதினெட்டு. ‘நான் கேம்பஸைப் பார்த்ததே இல்லை. பார்க்கிங் எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது’ என்றாள். திரும்புவதற்கு அவளுக்கு ஒரு இடமே இல்லை. அவளுக்குப் பயம் கொரோனா இல்லை. எந்தக் கட்டடம், யார் பக்கத்தில் உட்காருவது, ப்ரொஃபசரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பயம். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் சும்மா வந்து அறையைக் கண்டுபிடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நானும் அப்படித்தான் செய்தேன். முப்பத்தேழு வயதில் செய்ய வெட்கமாக இருந்தது, ஆனால் முதல் நாள் வழி தேடி அலையும் படபடப்பு மிச்சம்.

காது கேட்காத ஒரு மாணவி போனை எடுக்கவில்லை, மெயிலில் பதில் எழுதினாள். ஸூமில் பேச்சு எழுத்தாக ஓடுகிறது, திரையில் எல்லோர் வாயும் தெரிகிறது. நேரில் வந்தால் ஆளுக்கொரு மாஸ்க், உதட்டைப் பார்க்க வழியே இல்லை. ‘உங்களுக்கெல்லாம் நேரில் வருவது இயல்புக்குத் திரும்புவது. எனக்கு அது பின்னால் போவது’ என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தாள். அந்த மெயிலை மேற்பார்வை அம்மாவுக்கு அப்படியே அனுப்பினேன்.

பட்டியலில் சில நம்பர்கள் யாருக்கும் சொந்தமே இல்லை. கூப்பிட்டால் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’. சிலவற்றில் பேசியவர்களுக்குக் காலேஜ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பிறகுதான் செய்தியில் பார்த்தேன்: நிவாரணப் பணத்தை அடிக்க, கலிபோர்னியா காலேஜ்கள் முழுக்கப் பொய்ப் பெயரில் மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மென்பொருள் போட்டு மொத்தமாக. ஆவி மாணவர்கள் என்று பெயர். நான் ஒரு மத்தியானம் முழுக்க ஆவிகளுக்குப் போன் போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் வந்த பதில் சுவாரசியமே இல்லாதது. ‘வேலை கிடைச்சுடுச்சு.’ அந்த வருஷம் கிடங்கிலும் கடையிலும் ஆள் கிடைக்காமல் சம்பளத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாடகை பாக்கி இருக்கிற வீட்டில் இருபது வயசுப் பையனிடம் ‘படிக்க வா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாநிலம் முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் குறைந்துபோனதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெரிய பங்கு நோய்க்குப் பயந்து போனவர்கள் இல்லை என்பது, போன் போட்டவள் என்ற முறையில், என் அபிப்பிராயம்.

அப்படி விட்டுப்போனவர்களிடம் நான் பேச்சுத்தாளில் இல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன்: பணம் இருக்கிறது, கேளுங்கள். மத்திய அரசு கொரோனாவுக்காக உயர்கல்விக்கு மூன்று முறை பணம் ஒதுக்கியது, 2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச். அதில் ஒரு பகுதி மாணவர் கைக்கே போக வேண்டும் என்று விதி. முதலில் விசாக்காரர்களுக்கு இல்லை என்றார்கள். 2021 மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கும் 500 டாலர் வந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மகளிடம் போராடாமல் எனக்கென்று ஒரு பழைய லேப்டாப் அதில்தான் வந்தது. லேப்டாப்பே வேண்டுமென்றால் லைப்ரரியில் செமஸ்டர் முழுக்கக் கடனாகத் தருவார்கள், ஹாட்ஸ்பாட்டும் சேர்த்து. உணவுப் பொருள் பையும் வாராவாரம் கொடுத்தார்கள். கார் டிக்கியைத் திறந்து வைத்தால் அவர்களே வைத்துவிடுவார்கள். அரிசி, பீன்ஸ், பால், ஒரு முறை பூசணிக்காய். அந்த நிவாரணப் பணம் இப்போது இல்லை. லேப்டாப்பும் உணவுப் பையும் பல காலேஜ்களில் இன்னும் இருக்கின்றன. கேட்காமல் யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

இப்போது என் கதை. மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டே நான் என்ன செய்தேன்? ஃபாலில் மேனேஜீரியல் அக்கவுண்டிங்கை நேரில் எடுப்பது என்று முடிவு செய்தேன். செவ்வாய், வியாழன் சாயந்திரம். வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தடுப்பூசிச் சான்றை ஏற்றினேன், புது நோட்டுக்கூட வாங்கினேன். வகுப்பு தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது மெயில்: போதுமான ஆட்கள் சேராததால் வகுப்பு ரத்து, ஆன்லைனில் இடம் இருக்கிறது, சேர்ந்துகொள்ளலாம்.

இருபது பேராவது வேண்டுமாம். நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். அலுவலகத்துக்குப் போன் செய்து, ‘நேர்ல வரச் சொல்லி நான்தான் எல்லாருக்கும் போன் போட்டேன், இப்போ வகுப்பு இல்லைன்னா என்ன அர்த்தம்?’ என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் பாவம், என்ன செய்வார்? ‘மாணவர்கள் ஆன்லைனைத்தான் விரும்புறாங்க, கணக்கு அப்படித்தான் சொல்லுது’ என்றார். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியுமே. சேரலாமா வேண்டாமா என்று ஆகஸ்ட் வரை காத்திருக்கிறவர்கள்தான் எங்கள் காலேஜில் பாதி. அவர்கள் காத்திருப்பதால் வகுப்பு நிரம்பாது, நிரம்பாததால் ரத்தாகும், ரத்தாவதால் ஆன்லைனில் போய் விழுவார்கள், அடுத்த செமஸ்டருக்கு அது ‘ஆன்லைன் விருப்பம்’ என்று எண்ணிக்கையில் ஏறும்.

அன்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம்: பதிவு திறக்கும் நாளிலேயே சேர்ந்துவிடுவது, கூடவே இன்னொரு நேரத்து வகுப்பையும் கண் வைத்திருப்பது, தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று அட்டவணையில் பார்ப்பது. முப்பத்தைந்து இடத்தில் எட்டுப் பேர் என்றால் அந்த வகுப்பு ஆபத்தில் இருக்கிறது. ப்ரொஃபசருக்கு நேராக மெயில் போட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அட்டவணையில் ‘ஹைப்ரிட்’ (கொஞ்சம் நேரில், கொஞ்சம் ஆன்லைன்) என்று போட்டிருந்தால் எந்தெந்தத் தேதியில் நேரில் வர வேண்டும் என்று படித்துப் பார்க்காமல் சேராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை ‘விருப்பப்பட்டால் வரலாம்’ என்று புரிந்துகொண்டு முதல் தேர்வையே தவறவிட்டார். புத்தகச் செலவில்லாத வகுப்புகளுக்கு அட்டவணையில் தனியாக ஒரு குறி இருக்கும், அதையும் பாருங்கள். 46 டாலர் யூனிட்டுக்கு 180 டாலர் புத்தகம் வாங்கும் கொடுமை மிச்சமாகும்.

காலை ஒன்பதரை மணி வகுப்பு ஒன்று தப்பியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகஸ்டில் நேரில் திறந்துவிட்டதால் அதில் நுழைந்துகொண்டேன். பதிவில் இருபத்திரண்டு பேர், வந்தது பதினைந்து பேர். ப்ரொஃபசர் கழுத்தில் சின்ன மைக் மாட்டிக்கொண்டு, மாஸ்க்குக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் ஏதோ ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, என்னைக் காட்டி, ‘உங்க புருவம் புரியலைன்னு சொல்லுது’ என்றார். எனக்குச் சிரிப்பு. ஒன்றரை வருஷமாக என் முகத்தை வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாரும் படித்ததில்லை. ஸூமில் நான் வெறும் கறுப்புக் கட்டம், உள்ளே என் பெயர், அதுவும் தப்பான எழுத்துக்கூட்டலில்.

அந்த செமஸ்டரில் எனக்கு மறக்காத பாடம் ‘ஈக்விவலன்ட் யூனிட்’. தொழிற்சாலையில் மாசக் கடைசியில் பாதி செய்து முடித்த பொருள்கள் கிடக்கும். அவற்றை எத்தனை முழுப் பொருளாகக் கணக்கில் எடுப்பது என்பது கேள்வி. மூலப்பொருளுக்கு ஒரு எண்ணிக்கை வரும், கூலிக்கும் மற்ற செலவுக்கும் வேறு எண்ணிக்கை வரும். ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு எண்ணிக்கை? வீடியோவை நான்கு முறை பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. பத்து நிமிஷ இடைவேளையில் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டு பக்கத்து சீட் பெண்ணிடம் புலம்பினேன். மெக்சிகோக்காரி, அவள் அக்கா வார இறுதியில் தமாலே செய்து விற்கிறவள். ‘நூறு தமாலே அடுப்பில இருக்கு. மாவு, கறி எல்லாம் ஏற்கனவே உள்ள போயாச்சு, மூலப்பொருள் நூறு. வேகறது பாதிதான் ஆகியிருக்கு, அப்போ கேஸும் கூலியும் ஐம்பதுக்குத்தான்’ என்றாள். எனக்கு உடனே இட்லிக் கொப்பரை கண்ணில் வந்தது. மாவு ஊற்றியாச்சு, ஆவி பாதிதான் ஏறியிருக்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவளுக்கு இட்லியை விளக்கியதில் இடைவேளை முடிந்துபோனது. தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, எழுதினேன்.

இதை வைத்து ‘நேரில் படிப்பதே சிறந்தது’ என்று சொல்ல வரவில்லை. அதே செமஸ்டரில் பிசினஸ் சட்டம் என்று ஒரு வகுப்பை நேரம் குறிக்காத ஆன்லைனில் எடுத்தேன், ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடம் கேட்டேன். அது வாசித்து எழுதுகிற பாடம், நன்றாகவே போனது. அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எந்தப் பாடத்தில் எனக்குச் சிக்கும் என்று தெரிகிறதோ அதை மட்டும் நேரில், மற்றது ஆன்லைனில். நேரில் போகிற நாளில் ட்யூட்டரிங் சென்டர், லைப்ரரி வேலை எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுவது. ஒரே ஒரு மணி நேர வகுப்புக்காக ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போவது இரண்டு வாரத்தில் அலுத்துவிடும், அதன் பிறகு நாமே ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிடுவோம்.

கவுன்சிலரைப் பார்ப்பது மட்டும் ஆன்லைனிலேயே இருக்கட்டும் என்று என் பட்டியலில் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். முன்பெல்லாம் பதினைந்து நிமிஷப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். இப்போது வேலை இடைவேளையில் காரில் இருந்தே ஸூமில் பேசிவிடுகிறார்கள். உதவித்தொகை கவுன்டர், மார்க் பட்டியல் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

அந்த செப்டம்பரில் ஊரில் அண்ணன் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் கல்லூரிகள் செப்டம்பர் 1 அன்று திறந்தன. ‘எப்படிடி இருக்கு?’ என்றேன். ‘அத்தை, க்ளாஸ்ல ஒண்ணும் புரியலை. ஆனா காலையில எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பறேன்ல, அது போதும்’ என்றாள். ஒன்றரை வருஷம் அவளுடைய ஆன்லைன் வகுப்புக்கு நடுவே காய் நறுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியை யாரும் கூப்பிடவில்லை. அவன் ‘க்ளாஸ்ல இருந்தான்’. அவள் சொன்னதைக் கேட்டபோது, என் சாயந்திர வகுப்பு ரத்தானதற்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று கொஞ்சம் புரிந்தது. ப்ரொஃபசருக்கு மைக் சரியாக இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த இரண்டு மணி நேரம் யாரும் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டார்கள்.

டிசம்பரில் மறுபடி போன் வேலை கொடுத்தார்கள், ஸ்ப்ரிங் செமஸ்டருக்காக. அப்போது ஒமிக்ரான் பேச்சு ஆரம்பித்துவிட்டது. முதல் சில வாரம் மறுபடி ஆன்லைன் ஆகலாம் என்று உள்ளுக்குள் பேசிக்கொண்டார்கள், அப்படித்தான் ஆனது. ஆனால் அழைக்கும்போது அதைச் சொல்லக் கூடாது, இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். கோடையில் நான் நிரப்பிய குறிப்புகள் என்ன ஆயின என்று மேற்பார்வை அம்மாவிடம் கேட்டேன். நல்லவர், மழுப்பவில்லை. ‘அறிக்கையில அந்தக் கட்டம் போகாது. எண்ணிக்கை மட்டும்தான் போகும். ஆனா நான் எல்லாத்தையும் படிச்சேன்’ என்றார்.

புதுப் பட்டியலைத் திறந்தேன். ‘விருப்பம்’ கட்டத்தை அழுத்தினால் இந்த முறை நான்கு பதில்கள் விரிந்தன. நான்காவது, ‘இரண்டும்’. முதல் நம்பரைப் போட்டேன். எடுத்தவள் பின்னால் பாத்திரச் சத்தம், ஏதோ ஓட்டல் சமையற்கட்டு. நேரிலா, ஆன்லைனா, இரண்டுமா என்று கேட்டேன்.

“எத்தனை மணிக்கு க்ளாஸ்?” என்றாள். “கேன்சல் ஆயிடாதில்ல?”

நான்கில் எதை அழுத்துவது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவளை யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடச் சொன்னாள். குறிப்பில் நேரத்தை எழுதிவைத்தேன்.